அட்டாலி எலியும் தொரைமார் பேயும்

வா கண்ணு, உக்காரு. கட்டில்ல மேக்காலப் பக்கம் வேண்டாம், கயிறு அறுந்து கெடக்குது. என்னமோ மலை மேல பழைய பங்களாவுல ரூமு போட்டிருக்கறயாமா. அதுலயும் பேய் இருக்கற ரூமுதான் வேணும்னு கேட்டு வாங்குனயாமா. ஒரு ராத்திரிக்கு அவன் கேக்கற காசு என்ர ஒரு மாச பென்சன். பேய் இல்லாத ரூமு அதுல பாதியாமா. அடேங்கப்பா! எங்க காலத்துல பேய் இருந்தா வாடகையைக் கொறப்பாங்க சாமி. இப்ப அதுவும் ஏ.சி. மாதிரி தனிக்காசு ஆயிப்போச்சா? போன்ல பேய் புடிக்கற மெசினு வேற ஏத்தி வெச்சிருக்கறே. அது கொசுவைப் புடிக்குமா? புடிக்காதா? அப்பறம் என்னத்துக்கு அது?

சிரிக்கறேன்னு கோவிச்சுக்காதே. எனக்கு இந்தச் சோலி தெரியும். முப்பத்தெட்டு வருசம் ஒரு முசாபரி பங்களாவுல இருந்தவன் நானு. வாட்சரும் நானே, சமையலும் நானே, வெந்நி காய வெக்கறதும் நானே. வெள்ளைக்காரன் கட்டுன பங்களா. அவன் போயிட்டான். அவன் போட்ட நாக்காலி மட்டும் ஒரு காலு ஆடிக்கிட்டு நின்னுது. அங்க வந்து தங்காத ஆபீசர் இல்லை. "பேய் கீய் இருக்குதா?"ன்னு கேக்காத ஆபீசரும் இல்லை.

அது பத்தாதுன்னு பேத்தி ஒருத்தி. காலேசுல இங்கிலீசு ஆராய்ச்சி பண்ணுது. விக்டோரியா ராணி காலத்துல வெள்ளைக்காரங்க நம்ம நாட்டை வெச்சு எழுதுன பேய்க்கதைதான் பாடமாமா. ராணி 1837ல பட்டத்துக்கு வந்து 1901ல கண்ணை மூடுச்சு, அதுக்குள்ள வந்த கதைங்க. ஆராய்ச்சிக்குப் பேரு போஸ்ட் காலனியல் காத்திக். எந்தூர்க் கார்த்திக்குன்னு கேட்டேன். அன்னையிலிருந்து புள்ள எங்கிட்டப் பேரைச் சொல்றதில்லை, கதையை மட்டும் சொல்லுது. ராத்திரி கடலைக்காய் தொலிச்சுக்கிட்டே நான் கேப்பேன். பேய் எங்க வருதுன்னு அவ சொல்லுவா. எலி எங்க ஓடுதுன்னு நான் சொல்லுவேன்.

எலியாங்கறயா? அங்கதான் ஆரம்பமே.

கிப்ளிங்னு ஒருத்தன். 1865ல பம்பாயில பொறந்தவன். சீமையில படிச்சுட்டு, பதினேழு வயசு நெறையறதுக்குள்ள லாகூருப் பேப்பர் ஆபீசுக்கு வேலைக்கு வந்துட்டான். அவன் எழுதுன கதையில நாலைச் சேத்து 1888ல அலகாபாத்துல புஸ்தகமாப் போட்டாங்க. வெலை ஒரு ரூபா. ரயிலடிக் கடையில விக்கறதுக்குன்னே போட்டது. ராத்திரி வண்டியில ஒத்தையில போறவனுக்குப் பேய்க்கதை! முறுக்கு விக்கறவனுக்கு இந்த ரோசனை தோணலை பாரு.

அதுல ஒண்ணு முசாபரி பங்களாக் கதை. அந்தப் பக்கம் அதுக்கு டாக் பங்களான்னு பேரு. தபால் போற ரோட்டுல தொரைமாரு எறங்கிப் படுத்துட்டுப் போறதுக்குக் கட்டுனது. கதையில ஒரு தொரை ராத்திரி படுத்திருக்கறான். பக்கத்து ரூமுல பில்லியர்ட்ஸ் ஆடற சத்தம். டக்கு, டக்குன்னு பந்துல பந்து முட்டுது. அந்த ரூமோ நெம்பச் சின்னது, பில்லியர்ட்ஸ் மேசை அதுக்குள்ள நொழையவே நொழையாது. தொரைக்கு வேத்து ஊத்துது. விடிஞ்சதும் சமையக்காரக் கெழவனைப் புடிச்சுக் கேக்கறான். "ஆமாங் தொரை, ரயில் ரோடு போட்ட தொரைங்க முன்னால இங்கதானுங் ஆடுவாங்க, அப்ப மூணு ரூமும் ஒரே ரூமுங், ஒரு குண்டுத் தொரை ஆட்டத்துலயே செத்தாருங்"ன்னு கெழவன் அள்ளி உடறான். தொரைக்குப் பயம் போயிப் பெருமை வந்துருச்சு. தனக்குன்னு சொந்தமா ஒரு பேய்! பட்டா வாங்காத கொறைதான்.

அப்பறம் பாத்தா, மேல கட்டுன துணிக்குள்ள எலி ஒண்ணு அக்கட்டயும் இக்கட்டயும் ஓடுது. கழண்ட சன்னச் சட்டம் ஒண்ணு காத்துல ஆடித் தாப்பாள்ல முட்டுது. டக்கு, டக்கு. ஆட்டம் முடிஞ்சுது. இதுல அந்த ஆளுக்கு வருத்தம் என்ன தெரியுமா? எலியா இருந்துபோச்சேங்கறதுதான். நல்ல கதை கெட்டுப்போச்சேன்னு மனசு ஆறலை அவனுக்கு.

துணிங்கறது என்னன்னு உனக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பங்களா நெறைய கூரை மேஞ்சது. அண்ணாந்து பாத்தா மூங்கிலும் புல்லும் தெரியும். அது தொரைக்கு அழகாயில்லை. அதனால சுவத்துக்குச் சுவரு துணியை இழுத்துக் கட்டி, அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கீழ இருந்து பாத்தா சீமைக் கட்டடம் மாதிரி பண்ணிக்குவான். சரி, துணிக்கும் கூரைக்கும் நடுவுல என்ன இருக்குது? அணிலு, எலி, எலி இருக்கற எடத்துல பாம்பு. நம்ம ஊட்டு அட்டாலியில என்னென்ன குடியிருக்குதோ அத்தனையும். மறைச்சுக் கட்டிட்டா இல்லைன்னு ஆயிருமா? ராத்திரி அது மூச்சு உட்டா இவனுக்குப் பேயி.

இன்னொண்ணு கேளு, இது எனக்கு நெம்பப் புடிச்சது. அதே கதை ஆரம்பத்துல கிப்ளிங் ஒரு பட்டியலு போடறான். கெணத்துல வீசிக் கொன்ன கொழந்தைப் பேயி, புள்ளை பெத்தப்பச் செத்துக் காலு திரும்பிப்போன பொம்பளைப் பேயின்னு நம்மாளுப் பேயையெல்லாம் சொல்லிட்டு, இதுக எதுவும் வெள்ளைக்காரனைப் பயமுறுத்துனதாச் சரித்திரமே இல்லைங்கறான். ஆனா வெள்ளைக்காரப் பேயி ரெண்டு கூட்டத்தையும் பயமுறுத்துமாமா. பாத்துக்க. செத்த பொறகும் உத்தியோக வரிசை! நம்மாளுப் பேயி தொரை ஊட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்கோணும் போல இருக்குது.

கிப்ளிங்கோட சிம்லாக் கதைக்கு வா. 1864ல இருந்து வேசகாலம் முச்சூடும் வெள்ளைக்காரச் சர்க்காரே மூட்டை கட்டிக்கிட்டு அந்த மலைக்குப் போயிரும். காயிதம், குமாஸ்தா, அம்மாமாரு எல்லாம். அங்க ஒரு தொரை, பேன்சேன்னு பேரு, கல்யாணம் ஆன ஒரு அம்மாகூடப் பழகிட்டு, சலிச்சுப்போயி உதறித் தள்ளறான். அந்தம்மா மனசு ஒடைஞ்சு செத்துருது. இவன் வேற புள்ளையைப் பாத்து மோதரம் வாங்கப் போறான். கடைவீதியில பாத்தா, செத்த அம்மா ரிக்சாவுல வருது. முன்னயும் பின்னயும் நாலு ஆளு, கறுப்பு வெள்ளை உடுப்புப் போட்டு இழுத்துக்கிட்டு வர்றாங்க.

எல்லாரும் அம்மாவைத்தான் பாக்கறீங்க. பேத்தியோட வாத்தியாரும் அதைத்தான் எழுதச் சொல்லுவான். எனக்குக் கண்ணு அந்த நாலு பேரு மேலதான் போச்சு. இவங்க எப்பிடி வந்தாங்க? அதையும் அந்தத் தொரை விசாரிக்கறான். நாலு பேரும் அண்ணந் தம்பிங்களாமா. ஹரித்துவாரம் போற வழியில காலரா வந்து நாலு பேரும் செத்துட்டாங்களாமா. அந்த ரிக்சாவையும் ஒடைச்சுப் போட்டாச்சாமா. சரி, செத்தவங்களையாவது உட்டாங்களா? அம்மா ஆவியானா, கூலியாளும் ஆவியாயி ஏத்தத்துல இழுக்கோணும். செத்தும் கொடுத்தான் சீதக்காதிம்பாங்க, இவங்க செத்தும் இழுத்தாங்க. மேலோகத்துல கூலி என்ன, எத்தனை மணி நேரம் வேலைன்னு கிப்ளிங்கே அந்த ஆளை ரோசிக்க வெக்கறான். லொள்ளுப் புடிச்சவன்தான், ஆனா கண்ணு இருந்துருக்குது அவனுக்கு.

அந்தக் கதையில ஒரு டாக்டர் வர்றான். அவன்தான் என்ர கச்சி. பேயாவது ஒண்ணாவது, எல்லாம் கண்ணு, மூளை, வவுறு, அதுலயும் மொதல்ல வவுறுங்கறான். பேதிக்குக் குடுத்துப் பச்சைத் தண்ணியில முக்கி எடுக்கறான். ஆளு கடைசியில செத்துத்தான் போறான். ஆனா வைத்தியம் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நோய் வவுத்துல இல்லை, செஞ்ச காரியத்துல இருந்துச்சு. அதுக்கு எந்த டாக்டர் பேதி குடுப்பான்?

வவுறுன்னதும் நெனப்பு வருது. டாக் பங்களாவுல உண்மையான திடீர்ச்சாவு எதுக்கு தெரியுமா? கோழிக்கு. தொரை வண்டி வாசல்ல திரும்பும்போது கோழி பொடக்காலியில மேஞ்சுக்கிட்டிருக்கும். தொரை குளிச்சுத் துணி மாத்தி வர்றதுக்குள்ள அது தட்டுல இருக்கும். அந்தப் பண்டத்துக்கே திடீர்ச்சாவுன்னுதான் தொரைமாரு பேரு வெச்சிருந்தாங்க. 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன்கற அகராதியிலயே ஏத்தியிருக்குதுன்னு பேத்தி எடுத்துக் காட்டுச்சு. செத்துப் பத்து நிமிசம் ஆகாத வெடக்கோழி, அதுக்கு மேல பிராந்தி, அதுக்கு மேல கொயினா மாத்திரை. இத்தனையும் உள்ள தள்ளிட்டுப் படுத்தா பேயி வராம முருகனா வருவான்?

காய்ச்சலும் சேத்துக்க. ராத்திரிக் குளிரு எடுத்துப் பல்லு கிட்டும், அப்பறம் அனலாக் கொதிக்கும், மூலையில யாரோ நிக்கற மாதிரி தெரியும். மலேரியான்னா கெட்ட காத்துன்னுதான் அந்தப் பேருக்கே அர்த்தமாமா. காத்துக் கறுப்பு அடிச்சுருச்சுன்னு நம்ம பாட்டி சொன்னா மூட நம்பிக்கை, கெட்ட காத்துன்னு தொரை சொன்னா சாஸ்திரம். கடைசியில 1897ல சிக்கந்திராபாத்துல ரொனால்டு ராஸ்கற டாக்டர் கொசுவை அறுத்துப் பாத்து, கிருமி இங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சான். ராணி சாகறதுக்கு நாலு வருசம்கூடப் பாக்கி இல்லை. அதுக்குள்ள எத்தனை கதை எழுதித் தள்ளிட்டாங்க!

வெக்கையை வெச்சு ஒரு கதை உண்டு, 1890ல கிப்ளிங் எழுதுனது. இதை மட்டும் நான் கேலி பண்ணமாட்டேன். பொட்டக்காட்டுல ரயில் ரோடு போடற இஞ்சினீயர், ஹம்மிலுன்னு பேரு. ஒத்தை ஆளு. நாளெல்லாம் நெருப்புக் காத்து. தூக்கம் வராது. தூங்குனாலும் கனாவுல எதுவோ தொரத்துது. வாரத்துக்கு ஒருக்கா கூட்டாளிங்க மூணு பேரு சீட்டாட வருவாங்க, அவ்வளவுதான் மனுச மொகம். ஒரு நாள் அவங்க வந்து பாத்தா ஆளு செத்துக் கெடக்கறான், கண்ணு பிதுங்கிப் பயந்தபடிக்கு. டாக்டர் கூட்டாளி என்ன பண்றான்? செத்தவன் கண்ணைப் போட்டோ எடுக்கறான்! எடுத்துட்டு அதைத் தானே ஒடைச்சும் போட்டுட்டு, அதுல ஒண்ணுமில்லைங்கறான். உன்ர போனு நெனப்பு வருதா? பக்கத்துல நிக்கற வேலைக்காரன் ஒரே பேச்சுல சொல்லிட்டான்: எசமான் இருட்டான எடத்துக்கு எறங்கிப் போனாரு, வேகமாத் தப்பிக்க முடியாமப் புடிபட்டுட்டாருன்னு. அவன் பேச்சை எவன் காதுல வாங்கறான்?

அதே வெக்கையில வெளிய திண்ணையில உக்காந்து ராவெல்லாம் பங்காக் கயித்தை இழுத்தானே, அவனுக்கு யாரு பங்கா போட்டா? கை அசந்தா காலு பெருவெரல்ல கயித்தைக் கட்டி ஆட்டுவாங்க. அவன் கண்ணு அசந்து பங்கா நின்னா உள்ளருந்து செருப்புப் பறந்து வரும். அவனுக்கும் தூக்கமில்லை. அவனுக்கு என்ன பேயி வந்துச்சுன்னு எழுதறதுக்கு ஆளில்லை கண்ணு.

இப்ப ரகசியத்துக்கு வாரேன். சித்தெ கிட்ட வா. இந்தத் தொரைமாரு மெய்யாலுமே பயந்தது பேயிக்கு இல்லை. சமையக்காரனுக்கு.

நம்பலையா? எண்ணிப் பாரு. ஒரு கதையில இம்ரேன்னு ஒரு தொரை, திடீர்னு காணாமப் போயிடறான். அவன் பங்களாவுக்குப் போலீசுத் தொரை ஒருத்தன் குடி வர்றான். அவன் வளக்கற நாயி ஊட்டுக்குள்ள படுக்கவே மாட்டேங்குது. நாயிக்குத் தெரிஞ்சது போலீசுக்குத் தெரியலை, அது எப்பவும் உள்ளதுதான். கடைசியில மேல கட்டுன துணி கிழிஞ்சு, காணாமப் போன தொரை பொணமாக் கீழ உழுகறான். கொன்னது யாரு? கூட இருந்த வேலையாளு. ஏன்? இவன் கொழந்தை தலையைத் தொட்டுத் தொரை "அழகாயிருக்குதே"ன்னு சொன்னான், கொழந்தை காய்ச்சல்ல போயிருச்சு, கண்ணு பட்டுருச்சுன்னு அறுத்துட்டான். கன்னத்துல ஒரு பொட்டு மை வெச்சிருந்தா ஒரு தொரையும் ஒரு வேலைக்காரனும் பொழைச்சிருப்பாங்க. தொரைக்கு அது தெரியாது. அந்த ஊருல எத்தனை வருசம் இருந்தான், கொழந்தையை வெறுமனே புகழக்கூடாதுன்னு கூடத் தெரியாம?

க்ரோக்கர்னு ஒரு அம்மா. அயர்லாந்துக்காரி, புருசன் பட்டாளத்து ஆபீசர். நம்ம குன்னூருக்குப் பக்கத்துல வெலிங்டன்லயே இருந்துருக்குது, அங்க உக்காந்து நெறைய எழுதியிருக்குது. அந்தம்மா 1893ல ஒரு டாக் பங்களாக் கதை எழுதுச்சு. பொம்பளைங்க ரெண்டு பேரு கிறிஸ்மஸுக்குப் புருசங்ககிட்டப் போற வழியில தங்கறாங்க. தங்காதீங்கன்னு சொன்னாலும் கேக்கலை. ராத்திரி, பல வருசத்துக்கு முன்னாடி அங்க தங்கியிருந்த தொரைப் பையன் ஒருத்தன் குத்துப்பட்டுச் சாகறது கண்ணு முன்னால அப்பிடியே நடக்குது. கொன்னது? இங்க சமையக்காரனேதான்.

புரியுதா? 1857ல சிப்பாயிங்க துப்பாக்கியைத் திருப்பிப் புடிச்சாங்க பாரு, அதுக்கப்பறம் தொரைக்குத் தலகாணி மேல தலை நிக்கலை. சோறு போடறவனும் அவனே, செவரம் பண்ற கத்தி புடிக்கறவனும் அவனே, ராத்திரி வெளக்கைத் தணிக்கறவனும் அவனே. ஊட்டுக்கு எட்டுப் பேரு பத்துப் பேரு, ஒருத்தன் பேச்சும் முழுசாப் புரியாது. அவன் சிரிச்சாலும் சந்தேகம், சிரிக்காட்டியும் சந்தேகம். "உன்னைக் கண்டாப் பயம்"னு சமையக்காரன்கிட்டச் சொல்ல முடியுமா? கவுரவம் என்னாகறது? அதனால பேயின்னு எழுதிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிம்பாங்க. இவங்களுக்குக் கறுத்ததெல்லாம் பேயி.

க்ரோக்கர் அம்மாவை நான் கொறை சொல்லமாட்டேன். அந்தம்மாவுக்கு ஊடு தெரியும், செலவு தெரியும். இன்னொரு கதை இருக்குது, பேரே வாடகைக்கு விடப்படும்னு அர்த்தம் வர்ற மாதிரி. மலைமேல அம்சமான பங்களா, சாமான் செட்டோட, வாடகை கொள்ளைச் சல்லிசு. குடும்பமாக் குதிச்சுக்கிட்டுப் போறாங்க. மழைக்காலம் வந்ததும் திண்ணைப் பக்கம் குதிரைக் குளம்புச் சத்தம், பாதாளத்துல உழுகற சத்தம், அலறல். நான் கேக்கறது ஒண்ணுதான். வாடகை கம்மின்னா ஏன் கம்மின்னு வாயத் தொறந்து கேக்க வேண்டாமா? நம்மூருல மாடு சல்லிசாக் குடுத்தாலே பல்லைப் புடிச்சுப் பாப்பான், வாலைத் தூக்கிப் பாப்பான்.

கடைசியா ஒரு கையிக் கதை. ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதுனானே கானன் டாயில், அவன் 1899ல எழுதுனது. பம்பாயில பேரு வாங்குன தொரை டாக்டர் ஒருத்தன், மலைச்சாதி ஆளு ஒருத்தனுக்கு நோயிக்காகக் கையை வெட்டறான். "நான் செத்தா முழு ஒடம்பாப் போகோணும், கையைப் பத்திரமா வெச்சிருங்க"ங்கறான் அந்த ஆளு. தொரை பாட்டில்ல போட்டு வெச்சான். ஊடு தீப்புடிச்சுக் கையும் போச்சு. தொரை பென்சன் வாங்கிட்டு இங்கிலாந்து போயிட்டான். செத்த ஆளு உடுவானா? கப்பல் டிக்கெட்டு இல்லாமக் கடலைத் தாண்டிப் போயி, ராத்திரி தவறாம பாட்டில் பாட்டிலாத் தேடறான். தேடிப்பாத்துட்டு, கெழட்டுத் தொரையையும் தட்டி எழுப்பிக் கையைக் காட்டிக் கேக்கறான். வருசக் கணக்கா நடக்குது.

தொரைக்கு மருமகன் மொறையாகற ஒரு பையன் வந்து ரோசனை சொல்றான். லண்டன் ஆஸ்பத்திரியில கப்பல் கூலி ஒருத்தனுக்கு வெட்டுன பழுப்புக் கையைக் கொண்டாந்து வெக்கறான். ஆவி வந்து எடுத்துப் பாத்துட்டுத் தரையில ஓங்கி அடிச்சுட்டுப் போயிருது. என்னன்னு பாத்தா, கொண்டாந்தது எடது கை! போனது வலது கை. பழுப்பா இருந்தாச் சரி, எந்தக் கையா இருந்தா என்னன்னு நெனச்சுட்டாங்க. மறுபடி ஓடி வலது கை கொண்டாந்து வெச்சதும் ஆவி கும்புட்டுட்டுப் போயிருச்சு. பையனுக்குச் சொத்தும் வந்துருச்சு.

நல்லாத்தான் இருக்குது. ஆனா கையைக் குடுத்த கப்பல் கூலியை ஒருத்தனாச்சும் கேட்டானா? நாளைக்கு அவன் செத்து வந்து நின்னா யாரு கையைக் குடுப்பாங்க? இந்தக் கணக்கை நான் கேட்டதும் பேத்தி பேனாவை எடுத்து எழுதிக்கிச்சு. ஆராய்ச்சியில சேக்குமாமா. என்ர பேரைப் போடாதேன்னுட்டேன்.

நம்ம பேயிக கிட்ட இந்தத் தொந்தரவே இல்லை பாரு. முனிக்கு ஒரு சுருட்டு, ஒரு குப்பி சாராயம், ஒரு சேவல். வாங்கிக்கிட்டுப் புளியமரத்துக்குப் போயிரும். வேணுங்கறதை வாயத் தொறந்து கேக்கும். தொரை ஊட்டுப் பேயி வாயத் தொறக்காம மூலையில நின்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டா, என்ன கேக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

நானா? நான் பேயைப் பாத்ததில்லை. வித்திருக்கறேன். அந்தக் கதையில வர்ற கெழவன் ஏன் அள்ளி உட்டான்னு எனக்குத் தெரியாதா? ஆபீசர் மொகத்தைப் பாப்பேன். கேக்கற ஆசை இருந்து, கை தாராளமாவும் இருந்தா, சின்னதா ஒரு பேயி. காலையில அஞ்சு ரூபா தேறும். கஞ்சனா இருந்தா, "பேயெல்லாம் இல்லீங்"ன்னுருவேன், அவனுக்கு என்னத்துக்கு வீணாக்கறது? ஒரே நாளுன்னு வந்துட்டு நாலு நாளு ஒறம்பரை மாதிரி ஒக்காந்துக்கிட்டுக் கோழி கேக்கறவன் இருப்பான். அவனுக்குத்தான் பெருசு. வெள்ளைக் கவுனு போட்ட அம்மா, கையில மெழுகுவத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு நடையில நடக்கும், ஆம்பளை படுத்திருந்தா போர்வையை இழுக்கும். பொழுது விடியறதுக்குள்ள ஜீப்பு கெளம்பிரும்.

ஒருத்தன் மட்டும் உடலை. அந்தம்மா பேரு என்னன்னு கேட்டான். எனக்குத் திக்குன்னுச்சு. திரும்பிப் பாத்தேன், அலமாரியில பிஸ்கோத்துப் பொட்டி இருந்துச்சு. "மேரிங்"ன்னேன்.

ஆமா, நீ எந்தப் பங்களான்னே? மூணாவது வளைவு தாண்டி, வாசல்ல சில்வர் ஓக்கு மரம் ரெண்டு நிக்குமே, அதுவா? சர்க்காரு கைகழுவி எவனோ குத்தகைக்கு எடுத்துச் சுண்ணாம்படிச்சு வெச்சிருக்கறானே, அதேதானா? பேயி பேரு என்னன்னு போட்டிருக்கறான், அந்தக் காயிதத்தைக் காட்டு. மேரி அம்மாவா!

ஏங் கண்ணு மொகம் இப்பிடிப் போகுது? காசு கட்டியாச்சுன்னா போயிட்டுத்தான் வா. நடு ரூமுல படுக்காதே, மழைக்கு ஒழுகும். மேல சத்தம் கேட்டா பொறியில ஒரு துண்டு கருவாடு வெச்சுப் பாரு. இரு, இரு, எங்க எந்திரிக்கறே? சாப்புட்டுட்டுப் போ. அங்க பாரு, அந்தச் செவலைக்கோழி. உன்ர வண்டி வாசல்ல திரும்பும்போதே வேலி தாண்டி ஓடிருச்சு.